புங்க எண்ணெய் குடித்த நல்ல குடும்பம்

நல்ல குடும்பம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு கதைப் புத்தகம். அது எங்கள் வீட்டில் இருந்தது பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் எங்கள் குடும்பம் எவ்வளவு மட்டமான குடும்பம் என்பதை நாங்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து ஆசையாகக் கேட்டோம்.

ஆம்பூரில் தோல் ஷாப்புகளை ஒட்டிய தெரு எங்களுடையது. ஷாப்பு என்றால் கடை என்று நினைத்துவிட வேண்டாம். தோலை ஊற வைத்துப் பதம் பண்ணும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அப்பாவை நாங்கள் நைனா என்போம். பதமான தோலுக்கு எண்ணெய் போடுவது அவர் வேலை. அம்மா அதே ஷாப்பில், தோல் பதம் பண்ணுவதற்கான ஆவாரம்பட்டையை இடிப்பாள். நைனாவின் அக்கா, என் அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு இருந்தாள். எல்லோரையும் குறை சொல்வது அவள் வேலை. சம்பளமில்லாத வேலைதான், ஆனால் ஒரு நாள் லீவு போட்டதில்லை.

நான் மிஷன் பெண் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. மேலே போக வேண்டுமானால் வேலூரில் போர்டிங் பள்ளிக்கூடம். வருஷத்துக்கு ஒரு பெண்ணை எங்கள் ஊரிலிருந்து இலவசமாக எடுப்பார்கள். அந்த வருஷம் கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். நான் ஒருத்தி, பட்டை காண்டிராக்டர் மகள் ஒருத்தி. இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வீட்டு ஊஞ்சல் இருந்தது. எனக்குப் பட்டை இடிக்கும் கொட்டகை இருந்தது.

எனக்கு வேலூர் வேண்டும். அறிவு வளர்க்கும் ஆசை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அம்மாவின் உள்ளங்கையில் பட்டைச் சாயம் ஏறி ரேகையெல்லாம் கறுத்துக் கிடக்கும். ரேகை பார்க்கிறவனுக்கு ரொம்ப வசதி, கண்ணாடி கூட வேண்டாம். ஆனால் எங்கள் தெருவுக்கு ரேகை பார்க்கிறவன் எவனும் வந்ததில்லை. இங்கே என்ன வரப் போகிறது என்று அவனுக்கே தெரிந்திருக்கும். பட்டைத் தூளில் அம்மா இருமுவாள். இருமல் நின்றால்தான் நாங்கள் தலை தூக்கிப் பார்ப்போம், என்ன ஆச்சோ என்று.

எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைப் பொறுக்க வேலூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் டீச்சரம்மா எங்களுக்கு ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்தாள். இரண்டும் ஒரே புத்தகம், ஒரு நல்ல குடும்பத்தின் கதை. படிக்க வேண்டும், பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். துரைசானி எங்கள் வீட்டுக்கே வந்து, கதையைச் சொல்லச் சொல்லி, புத்தகத்தைத் திரும்ப வாங்கி, வீடு எப்படிப்பட்ட வீடு என்றும் பார்த்துவிட்டுப் போவாள்.

புத்தம் புதுப் புத்தகம். தாள்கள் ஓரம் வெட்டாமல் மடிப்போடு ஒட்டிக் கிடந்தன. நைனாதான் தோல் சீவும் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாகக் கீறித் தந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த மனுஷன் கீறினால் ஒரு பிசிறு இருக்காது.

தினம் சாயங்காலம் அவரும் அம்மாவும் ஷாப்பிலிருந்து வந்து கை கால் கழுவியதும் நான் படிப்பேன். கதையில் ஒரு அப்பா. அவர் ஆபீஸ் விட்டு வந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ‘குழந்தைகளே, இன்று என்ன நன்மை செய்தீர்கள்?’ என்று கேட்பார். ஒரு அம்மா. அவள் எப்போது பார்த்தாலும் அடுப்பருகே புன்னகையோடு நிற்பாள்.

"அடுப்பு பக்கத்துல சிரிச்சிகினு நிப்பாளா?" என்றாள் அம்மா. "வெறவு ஈரமா இல்லியா அவளுக்கு?"

"புஸ்தகத்துல எல்லா வெறவும் காஞ்ச வெறவும்மா" என்றேன்.

"என்னிய அங்க கட்டிக் குடுத்திருக்கலாம்" என்றாள் அம்மா.

அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் தன் சோற்றைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு பாட்டுப் பாடுவாள். நடுவில் இருப்பவள் தைப்பாள். கடைக்குட்டி ஒரு பையன். அவன் அம்மாவின் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, மூன்று பக்கத்துக்கு அழுதுவிட்டு, நான்தான் உடைத்தேன் என்று ஒப்புக்கொள்வான். அப்பா அவனைக் கட்டிக்கொண்டு நீளமாகப் புத்தி சொல்வார். மறுநாளே மாமா ஒருவர் புது ஜாடியோடு வந்து நிற்பார். உண்மை பேசுகிற வீட்டுக்கு ஜாடி தானாக வரும் என்பது பாடம்.

"நம்மூட்ல சட்டி ஒடைஞ்சா மொத்து மொத்துன்னு மொத்துவாங்க" என்றாள் அத்தை. "அப்புறமா உண்மைய சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா?"

அன்றிலிருந்து நைனா வேலை விட்டு உள்ளே வரும்போதெல்லாம் அத்தை எழுந்து கை கட்டி நிற்பாள். "தம்பி, இன்னிக்கு நாங்க இன்னா நன்மை பண்ணோம்னு கேக்க மாட்டியா?"

"நீ சும்மா இருந்தியா? அதான் நன்மை" என்பார் நைனா. காலை நீட்டி உட்கார்ந்து, "படி கண்ணு, அந்த ஆளு இன்னிக்கி இன்னா சொல்றான் பாப்பம்" என்பார். அந்த ஆபீஸ் அப்பா பேசும் இடம் வந்தால் நைனாவுக்கு வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். அவர் வாழ்க்கையில் யாரும் யாரோடும் அவ்வளவு மெதுவாகப் பேசி அவர் கேட்டதில்லை. தோல் ஷாப்பில் மெதுவாகப் பேசினால் பக்கத்துக் குழியில் நிற்பவனுக்குக் கூடக் கேட்காது.

காண்டிராக்டர் மகள் ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் புளிய மரத்தடியில் என்னிடம் வந்தாள். "ஏய், கதைய முழுசா சொல்லேன். எங்கூட்ல விருந்தாளிங்க ஜாஸ்தி, படிக்கறதுக்கே டயம் இல்ல" என்றாள். சொன்னேன். எனக்கு என்ன, வாய் வலியா? சொல்லும்போது சும்மா இருக்க மாட்டாமல், அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்ததாகவும், அவள் வெல்லம் திருடித் தின்று பிடிபட்டுப் பேரப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் ஒரு அத்தியாயம் சேர்த்துவிட்டேன். அசல் புத்தகத்தில் அப்படி ருசியான ஆள் ஒருத்தர் கூட இல்லை. அதுதான் அதன் பெரிய குறை.

துரைசானி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நைனா புத்தகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நாலு பேர் கை பட்டதில் மெல்லிய அட்டையின் மூலை மடங்கியிருந்தது. அவர் முகம் சுருங்கியது. தோலில் ஒரு கீறல் பார்த்தால் அப்படித்தான் சுருங்கும்.

"இத்த இப்டியே குடுத்தா நம்ம மானம் போவும்" என்றார்.

மறுநாள் நான் கண் விழித்தபோது புத்தகத்தைக் காணோம், நைனாவையும் காணோம். அன்று முழுக்க நான் பைத்தியம் போல் அலைந்தேன். அத்தையின் தலையணைக்கு அடியில், அரிசிப் பானைக்குள், கூரை எரவாணத்தில், எல்லா இடத்திலும் தேடினேன். சாயங்காலம் நைனா வந்தார். தோளில் போடும் துண்டில் புத்தகத்தைச் சுற்றி, பச்சைக் குழந்தையை எடுத்து வருவது போல் இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

துண்டை விரித்தார். சும்மா சொல்லக் கூடாது, வெளிப்புறம் அவ்வளவு அழகு. குட்டி ஆட்டுத் தோல், பிறந்த பிள்ளையின் கன்னம் மாதிரி மெத்து மெத்தென்று. கடுக்காய்த் தண்ணீர் காட்டி, வெளுத்த சந்தன நிறத்தில் அட்டையைச் சுற்றிப் போர்த்தி, ஓரத்தில் பொடிப் பொடியாகத் தையல் போட்டிருந்தார். இங்கிலாந்துக்குக் கப்பலில் போகிற தோலுக்குக் கூட அவர் அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்.

அப்புறம் நான் உள்ளே திறந்தேன்.

"உள்ளயும் கொஞ்சம் எண்ணெ போட்டேன்" என்றார் நைனா. "மேல மட்டும் போட்டா உள்ள காஞ்சி வெடிச்சிடும்ல? ஒவ்வொரு தாளா போட்டேன் கண்ணு. புங்க எண்ணெ. இழுத்து கட்டி நெழல்ல ஒணத்தி எடுத்தேன். இனிமே நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது."

ஒவ்வொரு தாளும் எண்ணெய் குடித்து, பலகாரம் சுற்றிய காகிதம் மாதிரி கண்ணாடியாகியிருந்தது. முன்பக்கத்து எழுத்துக்கு நடுவே பின்பக்கத்து எழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. நல்ல குடும்பம் மொத்தமும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏறி நின்றது. வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தெரு நாய் ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்து மரியாதையாக வாலை ஆட்டியது.

"பாத்தியா, எழுத்தெல்லாம் முன்னவிட கறுப்பா பளபளன்னு தெரியுது. இந்த பக்கமும் தெரியுது, அந்த பக்கமும் தெரியுது!" என்றார் நைனா. எழுத்து தெரியாதவருக்கு அது எவ்வளவு பெரிய முன்னேற்றமாகப் பட்டிருக்கும்!

"நல்லதா போச்சி" என்றாள் அத்தை. "ஒரு பக்கத்த படிச்சா ரெண்டு பக்கம் முடிஞ்சிடும். படிப்பு சீக்கிரம் ஏறும்."

அம்மா அத்தையைப் பார்த்த பார்வையில் அத்தை கூட வாயை மூடிக்கொண்டாள். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சிருக்கா கண்ணு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்கு நைனா" என்றேன். வெல்லம் திருடிய பாட்டியை விட்டுவிட்டால், அந்தப் புத்தகம் சொல்லிக் கொடுத்த பிறகு நான் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் நைனா அரை நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டார். எதிர் வீட்டு பாயம்மா தன் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்தாள். அத்தை போட்ட சாம்பிராணிப் புகையில் நாங்கள் ஒருவரை ஒருவர் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். அம்மா அடுப்பருகே நின்றாள். புன்னகையும் செய்து பார்த்தாள்.

"பல்லு வலியான்னு கேக்கப் போறாங்க, மூடு" என்றாள் அத்தை.

"அண்ணி, நீங்க கொஞ்ச நேரம் பின்னால போய் குந்துங்க" என்றாள் அம்மா.

அத்தை போகும் போக்கில் என் காதருகே குனிந்தாள். "தா பாரு. ஆடு துன்னுச்சின்னு சொல்லிடு. எண்ணெய பத்தி பேசவே வாணாம்."

"ஆடு துன்னா புஸ்தகம் இருக்காதே அத்தை?"

"கொஞ்சமா துன்னுச்சின்னு சொல்லு."

ஜட்கா வந்து நின்றது. துரைசானியும் டீச்சரம்மாவும் இறங்கினார்கள். துரைசானி கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தாள். அது எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற நமஸ்காரம், நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அச்சடித்த தமிழில், "பெண்ணே, புஸ்தகத்தைக் கொண்டு வா" என்றாள்.

கொண்டு போனேன். அட்டையைப் பார்த்ததும் அவள் புருவம் தூக்கினாள், நல்ல விதமாகத்தான். நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திறந்தாள். இரண்டு விரலால் ஒரு தாளைப் புரட்டினாள். விரலைப் பார்த்தாள். விரலை எங்கே துடைப்பது என்று தேடினாள்.

"என்னடி இது? எண்ணெயா?" என்றாள் டீச்சரம்மா. "யார் செய்த வேலை?"

எனக்கு ஜாடி உடைத்த பையன் ஞாபகத்துக்கு வந்தான். உண்மையைச் சொன்னால் கட்டிக்கொள்வார்கள், மறுநாள் மாமா வருவார். ஆனால் அவன் உடைத்தது அவன் உடைத்த ஜாடி. அப்பா ஆசை ஆசையாக உடைத்துவிட்டு, பக்கத்தில் சட்டை போட்டுக்கொண்டு பெருமையோடு நின்றால் என்ன சொல்வது என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. இவர்தான் கெடுத்தார் என்று அந்த அம்மாள் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"நான்தான் டீச்சரம்மா" என்றேன். "படிக்கறப்ப மண்ணெண்ணெ வெளக்கு தட்டி ஊத்திடிச்சி."

"மண்ணெண்ணெயா!" என்று ஒரு சத்தம். நைனாதான். அவரைக் கெட்ட வார்த்தையால் திட்டினால் கூட அப்படித் துடித்திருக்க மாட்டார். "இன்னா கண்ணு இப்டி சொல்ற? மண்ணெண்ணெ போட்டா தோலு ஒரு வாரம் தாங்குமா? அம்மா, கொழந்தைக்கு தெரியல. இது புங்க எண்ணெ. நான்தான் போட்டேன், என் கையால. மொந்து பாருங்க!"

துரைசானிக்கு முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஒவ்வொரு தாளுக்கும் போட்டேம்மா. ஒண்ணு கூட வுடல" என்றார் நைனா. அவள் மடியிலிருந்த அவளுடைய சொந்தக் கறுப்பு வேதப் புத்தகத்தைக் காட்டினார். "அதுவும் ஓரத்துல காஞ்சி போயிருக்கு பாருங்க. குடுங்கம்மா, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டு குடுத்துர்றேன். காசு வாணாம்."

துரைசானி அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். ஊரில் எத்தனையோ கொள்ளைக்காரர்களைப் பற்றி அவளை எச்சரித்திருப்பார்கள், இப்படி ஒருத்தரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பிறகு அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரல் மெதுவாக, கதையில் வருவது போலவே இருந்தது. "பெண்ணே, அப்படியானால் நீ எம்மிடத்தில் சொன்னது பொய், அல்லவா?"

நான் தலையாட்டினேன். அம்மா அடுப்பருகே இன்னும் அந்தப் புன்னகையை வைத்துக்கொண்டு நின்றாள், அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல்.

"உன்னை மன்னிக்கிறேன்" என்றாள் துரைசானி. நைனாவைப் பார்த்து, "உம்மையும் மன்னிக்கிறேன்" என்றாள். நைனாவுக்கு எதற்கு என்று புரியவில்லை, இருந்தாலும் பெரிய கும்பிடாகப் போட்டார். மன்னிப்பு எங்கள் தெரு முழுவதற்கும் போதுமான அளவு அவளிடம் இருந்தது. போர்டிங் இடம்தான் ஒன்றே ஒன்று இருந்தது. என்னைக் கதை சொல்லச் சொல்லவே இல்லை.

மறுநாள் வகுப்பில் டீச்சரம்மா அறிவித்தாள். காண்டிராக்டர் மகள் வேலூருக்குப் போகிறாள். அவள் வீட்டில் கம்பளம் விரித்து, வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார்களாம். அவள் கதையைக் கடகடவென்று ஒப்பித்தாளாம். அதிலும் வெல்லம் திருடிய பாட்டி மனம் திருந்தும் அத்தியாயத்தைக் கேட்டு துரைசானி, "அதுவே இந்தப் புஸ்தகத்தில் எனக்கு மிகவும் பிரியமான பாகம்" என்றாளாம்.

"புஸ்தகத்தை எப்படி வைத்திருக்கிறாள் பாருங்கள்" என்று டீச்சரம்மா அதை எல்லோருக்கும் காட்டினாள். கை மாறி மாறி என்னிடமும் வந்தது. வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. பத்தாம் பக்கத்துக்கு மேல் தாள்களெல்லாம் மடிப்பு கீறாமல் ஒட்டியபடியே கிடந்தன. நல்ல குடும்பம் உள்ளே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்று சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மண்ணெண்ணெய் விளக்கைத் தட்டியவள் சொல்வதை யார் நம்புவார்கள்? அந்தப் பாட்டி வேறு நான் பெற்ற பாட்டி. என் வாயாலேயே நான் எழுதிக் கொடுத்த சீட்டில் அவள் வேலூருக்குப் போனாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனசில்லை. போகும்போது என்னைப் பார்த்து, "அந்த பாட்டி கத ஜோர்டி" என்கிற மாதிரி கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அத்தை வாயைத் திறந்தாள். அம்மா ஒரு கை காட்டினாள், அத்தை மூடிக்கொண்டாள். அம்மா எழுந்து போனாள். மூலையில் சுருட்டி வைத்திருந்த தன் பழைய முக்காட்டுத் துணியை எடுத்து, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை எனக்காகத் துவைக்கப் போட்டாள். பட்டைத் தூள் மூக்கில் ஏறாமல் கட்டிக்கொள்ள.

நைனா வந்தார். கேட்டார். முற்றத்தில் துண்டை உதறினார். இன்றைக்கு நமக்கு உதைதான் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உண்மையில் அந்த உதையைத்தான் எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டு ஒரு மூச்சு அழுதால் தீர்ந்துவிடும்.

அவர் வந்து என் எதிரில் குந்தினார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை.

"கண்ணு" என்றார் மெதுவாக. அவ்வளவு மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லாததால் குரல் நடுவில் உடைந்தது. "பொய் சொல்லலாமா? நீ மட்டும் நேத்து உண்மைய சொல்லியிருந்தா, உனக்குதான கெடச்சிருக்கும் அந்த எடம்? அம்மாம் நல்ல புஸ்தகத்த படிச்சிட்டு எதுக்கு கண்ணு பொய் சொன்ன?"

யாருக்காக என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அம்மா அடுப்புப் பக்கமிருந்து என்னைப் பார்த்தாள். அத்தை, வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லிவிடாதே என்பது போல் தலையை அசைத்தாள்.

"தெரியாம சொல்லிட்டேன் நைனா" என்றேன். "இனிமே சொல்ல மாட்டேன்."

அவர் தலையைத் தடவினார். கையில் புங்க எண்ணெய் வாசனை.

"அந்த புஸ்தகத்துல அப்பன்காரன் இப்டிதான பேசுவான்?"

"இவ்ளோதான் நைனா. அவரு இன்னும் கொஞ்சம் நீட்டி பேசுவாரு."

"நீட்டவா?"

"வாணாம் நைனா."

"சரி, சோறு துன்னு" என்றார். "காலைல அம்மா கூட சீக்கிரமா எழுந்திரிக்கணும்."